எண்பதைத் தாண்டியும் எழுபத்தைந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூன் 5ஆம் தேதி எனக்கு 80 வயது முடிந்தது. ரெக்கார்டு அப்படித்தான் சொல்கிறது. என் அம்மா சொன்னது வேறு: ஐப்பசி மழையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்த ராத்திரியில் பிறந்தேனாம். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் என் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஜூனில் ஒரு தேதியைப் போட்டு எழுதிவிட்டார். ஆக, ஐந்து மாதம் முன்னாடியே ஓய்வு பெற்றேன். எண்பதுக்கான கூடுதல் ஓய்வூதியமும் ஐந்து மாதம் முன்னாடியே வந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கூடுதல் ஓய்வூதியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களில் 80 வயது முடிந்தவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. நூறைத் தொட்டால் நூறு சதவீதம். இதற்கு அகவிலைப்படியும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் எழுபதிலேயே கூடுதல் தொடங்கிவிடுகிறது. இங்கேயும் அப்படி வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். நான் சொல்ல வந்தது, இருக்கிற எண்பதே கைக்கு வராத ஒரு கதையை.

1965இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2003இல் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றேன். எனக்கு மூத்தவர் ஒருவர் அதே பள்ளியில் பல வருடம் என்னோடு வேலை பார்த்தார். 1996இல் ஓய்வு பெற்றார், 2011இல் காலமானார். அவருடைய மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. எனக்கு அவர் அக்கா முறை போலத்தான். காங்கயம் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்.

எனக்கு 20 சதவீதம் ஏறிய செய்தியைச் சொன்னதும், “ஏனுங்க வாத்தியாரே, எனக்கும் எம்பது தாண்டீருச்சே, எனக்கு வரலீங்களே?” என்று கேட்டார். அப்புறம்தான் அவருடைய பி.பி.ஓ. புத்தகத்தை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணைப் புத்தகத்தை, எடுத்துப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கிறது. அவருடைய கணவர் கொடுத்த ஓய்வூதியக் கருத்துருவின் நகலும் பெட்டியில் இருந்தது. எல்லாக் கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பியிருக்கிறார் மனுஷன். மனைவியின் பிறந்த தேதி என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

கருவூலத்துக்குப் போனோம். எந்தக் கருவூலம் என்று எழுதவில்லை. அங்கே இருப்பவர்களும் நல்ல பிள்ளைகள்தான், அக்காவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிச் சான்றிதழும் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதுவும் ஒரு திண்ணைப் பள்ளி. இருந்தது ஆதார் அட்டை. அதில் 01-01-1950 என்று போட்டிருக்கிறது. கேம்ப்பில் பதிந்த பையன் “ஆத்தாவுக்கு ஒரு அறுபது இருக்கும்” என்று குத்துமதிப்பாக அடித்த தேதி. “அம்மாவுக்கு 75தானுங்களே ஆகுது, இன்னும் அஞ்சு வருசம் இருக்குதுங்க” என்றார் எழுத்தர்.

1995இல் கொடுத்த பழைய வாக்காளர் அட்டையையும் தேடி எடுத்தோம். அதில் பிறந்த தேதி இருக்காது, ‘1-1-1995 அன்று வயது’ என்று இருக்கும். அக்காவுக்கு 52. அப்படியென்றால் 1942இல் பிறந்தவர். அவர் வாயால் சொல்வதும் அதற்குப் பொருந்துகிறது: பவானிசாகர் அணை கட்டி முடித்த சமயம் தனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது என்கிறார். அணை முடிந்தது 1955இல். ஆனால் இரண்டு அட்டையில் இரண்டு வயது இருந்தால் எதை எடுப்பது என்று கருவூலத்தில் கேட்கிறார்கள். ஆதாரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். ஆதார் மையத்தில் போய்க் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

இத்தனைக்கும் ஆதார் அடையாளத்துக்கான சான்று, பிறந்த தேதிக்கு அல்ல என்று இப்போது அச்சிடும் அட்டையிலேயே போடுகிறார்கள். வருங்கால வைப்புநிதி நிறுவனம் 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதாரை வைத்து வயதைத் தீர்மானிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிச் சான்றிதழைப் பார்க்கச் சொன்னார்கள். சரி, பள்ளிச் சான்றிதழே இல்லாத பொம்பளைக்கு எதைப் பார்ப்பது?

அக்காவின் மூத்த மகன் 1961இல் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அந்தத் தேதி இருக்கிறது. ஆதார்படி பார்த்தால் அக்கா பதினொரு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இதைச் சொன்னபோது எழுத்தர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 15,000 என்று வைத்துக்கொண்டால் கூடுதல் மூவாயிரம், அகவிலைப்படி வேறு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. இப்படிப் போய்விட்டது மூன்று வருடப் பணம்.

எனக்கு இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு நானே சேர்க்கைப் பதிவேட்டில் மே, ஜூன் என்று தேதி போட்டிருப்பேன்! காதைத் தொட்டதா, சரி, எழுது. அந்தத் தேதிகளை அரசு ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. அக்காவின் வயதை மட்டும் நம்ப மறுக்கிறது.

பிறப்புச் சான்று இல்லாத குடும்ப ஓய்வூதியருக்கு, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழையும் பழைய வாக்காளர் அட்டையையும் கணவரின் பணிப்பதிவேட்டில் உள்ள குடும்ப விவரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்து முடிவு செய்ய, கருவூல அதிகாரிக்கு ஒரு தெளிவான உத்தரவு வேண்டும். அதுவும் போதாது என்றால் அரசு மருத்துவரின் வயதுச் சான்றைக் கேட்கட்டும். பணிப்பதிவேடு தேடுவதும் லேசான வேலை இல்லை. நாங்கள் ஒன்றியத்தில் சேர்ந்தவர்கள்; 1981 ஜூன் 1 முதல்தான் அரசு ஊழியர் ஆனோம். எங்கள் பணிப்பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வட்டாரக் கல்வி அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே வருடாந்திர நேர்காணலில், மனைவியின் பிறந்த தேதி பதிவாகி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதைப் படிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்றைக்கே பி.பி.ஓ. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். என் வீட்டுக்காரி பிறந்த தேதியும் அதில் இல்லை. அவளிடம் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்ததால் போன வாரம் மனு கொடுத்துவிட்டேன்.

அடுத்த திங்கள்கிழமை அக்காவை மறுபடி கருவூலத்துக்கு அழைத்துப் போகிறேன். இந்த முறை மூத்த மகனும் வருகிறார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு. அவருக்கே 64 வயது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்,
காங்கயம் வட்டாரம்.