ரிச்சி தெரு அண்ணாவுக்கு நன்றி

புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து தம்பி எடிட் செய்த கல்யாண வீடியோ ரெண்டர் ஆகி முழு ஃபைலாக வரவே இல்லை. தொடங்கியதும் திரை கறுத்து, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கார்டு போச்சு என்றே சொல்லிவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் சிபியுவோடு நின்றபோது, பக்கத்துக் கடைக்கு வந்த நீங்கள் கேட்காமலே மூடியைக் கழற்றிப் பார்த்தீர்கள். கார்டின் இரண்டு 8 பின் பவர் சாக்கெட்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து வரும் ஒரே கேபிளின் கிளைகளை மாட்டியிருந்தார்கள். “கார்டு செருகுற ஸ்லாட் 75 வாட்தான்மா தரும், மீதி கரண்ட் கேபிள்லதான் வரணும்” என்றபடி, பின்பக்கம் சுருட்டிக் கட்டியிருந்த இன்னொரு கேபிளின் டேக்கை வெட்டி, இழுத்துத் தனியாக மாட்டினீர்கள். அப்புறம் கடைக்காரரிடம் மானிட்டர் கேட்டு வாங்கி, ரெண்டர் முடியும்வரை கூடவே நின்றீர்கள். டீகூடக் குடிக்கவில்லை. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா! அந்தக் கல்யாண வீடியோவைத் தம்பி அன்றிரவே கொடுத்துவிட்டான். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.