தளர்ந்த கதவுக் கைப்பிடிகளுக்கு உதிரிப்பாகம் தர மறுத்தல் தொடர்பான முறைப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கதவுப் பூட்டு, கைப்பிடி இறக்குமதி நிறுவனம்,
கொழும்பு.

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனம் இறக்குமதி செய்து விற்கும் நீள்தகட்டுக் கைப்பிடிகளை 2021 ஆம் ஆண்டில் திருகோணமலை நகரிலுள்ள தங்கள் முகவரிடம் வாங்கி, எமது வீட்டின் ஆறு உள்ளறைக் கதவுகளுக்குப் பொருத்தினோம். அவற்றுள் மூன்று கதவுகளின் கைப்பிடிகள் தளர்ந்து ஆடத் தொடங்கின. கைப்பிடியோ தகடோ எதுவும் உடையவில்லை. கெட்டுப்போனவை உள்ளேயிருக்கும் சிறு உறுப்புகள் மட்டுமே. அவற்றை விலைக்குத் தருமாறு கேட்டபோது, உதிரிப்பாகங்களைத் தனியே விற்பதில்லை என்றும், முழுச் சோடியையும் மாற்றிக்கொள்வதே வழி என்றும், நாமாகக் கழற்றித் திருத்தினால் உத்தரவாதம் செல்லாது என்றும் தங்கள் சேவைப் பிரிவு எழுத்து மூலம் பதில் அளித்துள்ளது. இந்தப் பதிலை ஏற்க முடியாமைக்கான காரணங்களைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் பதில் ‘தளர்வு’ என்பதை ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரே பரிகாரத்தைச் சொல்கிறது. ஆனால் தகடுகளைக் கழற்றிப் பார்த்தபோது மூன்று கதவுகளிலும் மூன்று வேறு வேறு குறைகள் இருந்தன. படுக்கையறைக் கதவில், பூட்டினூடே செல்லும் 8 மில்லிமீற்றர் சதுரக் கம்பியைக் கைப்பிடியின் கழுத்தோடு இறுக்கிப் பிடிக்கும் தலையற்ற சிறு திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சாமியறைக் கதவில், தகட்டை மரத்தோடு பிடித்திருக்கும் திருகாணிகளின் துளைகள் அகன்றுவிட்டன. சமையலறைக் கதவில், தகட்டின் பின்புறம் இருந்து கைப்பிடியை மேலே தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங் முறிந்து, கைப்பிடி சுழலும் இடத்திலுள்ள நைலோன் வளையமும் வெடித்திருந்தது. இவற்றுள் முதல் இரண்டும் உள்ளூரிலேயே சரிசெய்யக்கூடியவை. மூன்றாவதுக்கு மட்டுமே தங்களிடமிருந்து ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வளையமும் தேவை.

படுக்கையறைத் திருகாணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பிடி 304 தரத் துருப்பிடிக்காத உருக்கினாலானது என்று தங்கள் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளது. கைப்பிடியைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே சிறு தேநீர் நிறப் புள்ளிகளைத் தவிர வேறு குறையில்லை, துணியால் துடைத்தால் அவையும் போய்விடுகின்றன. ஆனால் அதன் கழுத்துக்குள் செருகப்பட்டிருந்தது சாதாரண இரும்புத் திருகாணி. உப்புக்காற்றில் அது துருவேறி, அறுகோணக் குழியின் விளிம்புகள் உதிர்ந்து, அலன் கீ எனப்படும் 3 மில்லிமீற்றர் அறுகோணச் சாவி அதற்குள் பிடிபடாமல் சுழன்றது. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் பயனில்லாமல், கைப்பிடியைப் பட்டறைக்குக் கொண்டுசென்று துளையிட்டே அதனை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதே அளவிலான துருப்பிடிக்காத திருகாணி நகரத்து வன்பொருள் கடையொன்றில் அற்ப விலைக்குக் கிடைத்தது. அதன் நுனி பதியுமாறு சதுரக் கம்பியின் தட்டையான முகத்தில் சிறு குழியொன்றை இட்டு, திருகாணி தளராமல் பிடிக்கும் நீலநிற இறுக்கற்பசையில் ஒரு துளியைப் புரியில் தடவி முடுக்கிய பின்னர் அக்கைப்பிடி இம்மியும் அசையவில்லை. கடைக்காரர் அற்ப விலைக்குத் தரக்கூடிய ஒன்றைத் தயாரிப்பாளர் தொடக்கத்திலேயே போட்டிருக்கலாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஓர் உலோகத்தின் பெயரைப் போட்டுவிட்டு, பாரமெல்லாம் தாங்கும் இடத்தில் வேறோர் உலோகத்தை வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதைத் தங்கள் நிறுவனமே விளக்க வேண்டும்.

சாமியறைக் கதவின் துளைகள் அகன்றதற்கு எமது ஊரின் காலநிலையும் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. எமது வீட்டின் நிலைகள் முதிரை, கதவுகள் வேம்பு. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையில் கதவு உப்பி நிலையோடு இறுகும்போது, வீட்டிலுள்ளோர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தே திறக்கின்றனர். கச்சான் காற்றுக் காலத்தில் அதே மரம் வறண்டு சுருங்குவதோடு, கதவும் காற்றில் அடிபடுகிறது. இந்த இரண்டையும் மாறி மாறித் தாங்க வேண்டிய தகட்டுக்குத் தங்கள் பெட்டியில் தரப்பட்டவை, மரத்துக்குள் போதிய ஆழம் இறங்காத குட்டைத் திருகாணிகள். அகன்ற துளைகளில் வேப்ப மரத்தையே மெல்லிய குச்சிகளாகச் சீவி, மரப்பசையில் தோய்த்து இறுக்கி அடித்து, ஓர் இரவு காயவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை உளியால் சமன்செய்து, 2 மில்லிமீற்றர் துளையைப் புதிதாக இட்டு, பூட்டுப் பெட்டியில் முட்டாத அளவுக்குச் சற்று நீளமான திருகாணிகளைத் தச்சர் முடுக்கித் தந்தார். அந்தக் கதவைப் பற்றி இனி எமக்குக் குறையில்லை.

ஆகவே எஞ்சியிருப்பது சமையலறைக் கதவு. ஸ்பிரிங் இல்லாதபோது கைப்பிடி தன் பாரத்தால் கீழே தொங்குகிறது. அந்தப் பாரம் முழுவதையும் பூட்டினுள்ளே நாக்கை மீட்கும் சிறிய ஸ்பிரிங்கே சுமக்கிறது. அதுவும் சோர்ந்துவிட்டால் பூட்டையும் மாற்ற நேரும். லேத் பட்டறையில் கம்பி வளைத்துப் போட்டுப் பார்த்தோம். சரியான பதமேற்றாத கம்பி என்பதால் சில கிழமைகளில் அதுவும் தளர்ந்துபோனது. தயாரிப்பாளரின் ஸ்பிரிங்கைத் தவிர வேறு வழியில்லாத இடம் இது ஒன்றுதான்; தாங்கள் மறுப்பதும் இதைத்தான். வால்வு றப்பர் பழுதாகிவிட்டது என்று போனால் புதுச் சைக்கிள் வாங்கச் சொல்லும் கடை எமது ஊரில் இதுவரை இல்லை.

‘முழுச் சோடியை மாற்றுதல்’ எளிதான வேலை என்று தங்கள் பதில் கருதுவதாகத் தெரிகிறது. நாம் வாங்கிய மாதிரி இப்போது இறக்குமதி செய்யப்படுவதில்லை. முகவரிடம் தற்போதுள்ள மாதிரியில் கைப்பிடியின் மையத்துக்கும் சாவித்துளையின் மையத்துக்கும் இடையிலான தூரம் 85 மில்லிமீற்றர். எமது கதவிலுள்ள பூட்டில் அது 72 மில்லிமீற்றர். புதிய தகட்டைப் பழைய பூட்டின் மேல் வைத்தால் சாவி நுழையாது. எனவே கைப்பிடியோடு பூட்டையும் மாற்ற வேண்டும். பூட்டை மாற்றக் கதவின் விளிம்பைக் கொத்தி அகலப்படுத்த வேண்டும். பழைய திருகாணித் துளைகளும், தகடு இருந்த இடத்தின் நிறவேறுபாடும் வெளியே தெரியாமலிருக்கக் கதவைத் தேய்த்து மீண்டும் வார்னிஷ் பூச வேண்டும். ஆறு கதவுகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் நல்ல நிலையிலுள்ள ஐந்து சோடிகளையும் கழற்றி வீச வேண்டும். ஒரு ஸ்பிரிங்குக்காக இத்தனை செலவையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமன்று.

உத்தரவாதத்தைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது. தங்கள் அட்டை இயங்கு பாகங்களுக்கு 10 ஆண்டு உத்தரவாதம் அளிக்கிறது. ஈ.என். 1906 என்னும் ஐரோப்பிய நியமத்தின்படி 200,000 தடவை இயக்கத்தைத் தாங்கும் தரத்தைச் சேர்ந்தது என்றும் பெட்டியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு 50 தடவை திறந்து மூடினாலும் அந்த எண்ணிக்கையை எட்ட ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். எமது சமையலறைக் கதவு அவ்வளவு பரபரப்பான கதவன்று. இதைச் சுட்டிக்காட்டியபோது, கடலோரப் பகுதிகளில் பொருத்தப்பட்டவற்றுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்ற பொடியெழுத்து வாசகத்தைத் தங்கள் அலுவலர் நினைவூட்டினார். திருகோணமலை நகரம் ஒருபுறம் உட்துறைமுகத்துக்கும் மறுபுறம் திறந்த கடலுக்கும் நடுவே அமைந்தது. கடலோரத்தில் செல்லாத உத்தரவாதத்தை இந்நகரத்துக் கடையில் முத்திரையிட்டுக் கொடுப்பதாயின், அது யாருக்காகக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க எமக்கு உரிமையுண்டு. கடலோரத்துக்குத் தக்கதல்ல என்று தெரிந்திருந்தால், மொலிப்டினம் கலந்த 316 தர உருக்கில் செய்ததையோ கட்டிப் பித்தளையில் செய்ததையோ கேட்டு வாங்கியிருப்போம். தவிரவும், முறிந்த ஸ்பிரிங்கில் துருவின் அடையாளமே இல்லை. வளைவில் களைத்து முறிந்திருக்கிறது. ஆகவே அவ்வாசகத்தை ஏற்றுக்கொண்டாலும் அது இந்தக் குறைக்குப் பொருந்தாது.

எமது வேண்டுகோள் பெரிதன்று. சமையலறைக் கதவுக்குரிய ஸ்பிரிங்கையும் நைலோன் வளையத்தையும் உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக அனுப்பிவைக்க வேண்டும். அதே இரு உறுப்புகளையும் ஏனைய ஐந்து கதவுகளுக்கும் நியாயமான விலைக்குத் தர வேண்டும். அதற்குரிய பணத்தையும் அஞ்சற் செலவையும் முன்கூட்டியே செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன். தளர்ந்த திருகாணியை முடுக்குவதும், தேய்ந்த துளையை அடைத்துத் திருத்துவதும் உத்தரவாதத்தைப் பாதிக்காது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வீட்டுக்காரர் அலன் கீ ஒன்றைத் தொட்டதற்காக உத்தரவாதத்தை இரத்துச் செய்வது, அதனை அச்சிடும்போதே கொடுக்க மனமில்லாமல் அச்சிட்டதாகவே பொருள்படும். இம்மாதிரியைத் தாங்கள் நிறுத்திவிட்டாலும், விற்ற காலத்திலிருந்து 10 ஆண்டுகளுக்கேனும் அதன் சிறு உறுப்புகளைத் தங்கள் முகவர்களிடம் வைத்திருப்பது தாங்களே அளித்த உத்தரவாதத்தின் இயல்பான கடமை என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருள்களின் விற்பனை தொடர்பான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்குகிறது. அங்கு செல்வதை விடத் தங்களிடமிருந்து ஒரு சிறிய பொதி தபாலில் வந்துசேர்வதையே விரும்புகிறேன். இம்மாத இறுதிக்குள் எழுத்து மூலமான பதில் கிடைக்காவிடின், இக்கடிதத்தையும் தங்கள் முந்திய பதிலையும் அதிகாரசபைக்கு அனுப்பிவைப்பேன்.

பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை ஆகியவற்றின் பிரதிகளையும், முறிந்த ஸ்பிரிங், வெடித்த வளையம், துருவேறிய திருகாணி ஆகியவற்றின் புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். மூல உறுப்புகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் தொழினுட்பவியலாளர் நேரில் வந்து பார்வையிடலாம், ஆனால் அவற்றைத் திருப்பித் தருவதாக எழுதித் தந்த பின்னரே கையளிப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்