கருத்தாளர்களே, அடுத்த பயிற்சியில் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்

ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி நடத்தும் கருத்தாளர்களுக்கு, வணக்கம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்தும் பட்டதாரி ஆசிரியை. பயிற்சிகளில் பியாஜே, வைகோட்ஸ்கி, புளூம் என்று உளவியலாளர்களின் பெயர்களைத் தவறாமல் கேட்கிறோம். இவர்களைப் படித்துத்தான் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதினோம். அதில் 150 மதிப்பெண்ணில் 30, குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் உரியது. ஆனால் பயிற்சி முடிந்து கிளம்பும்போது, திங்கட்கிழமை காலை வகுப்பில் எதை மாற்றிச் செய்வது என்பதற்கு மட்டும் பதில் கிடைப்பதில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விட்டுவிடுங்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று குழந்தைகளை வகை பிரித்து, அவரவர் வகைக்கு ஏற்பப் பாடம் நடத்தச் சொல்லும் பகுதியைச் சொல்கிறேன். 2008இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இதற்கான ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். இந்த வகைப்படி கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் வந்த முடிவு. படம் காட்டுவதும் பொருளைக் கையில் கொடுப்பதும் நல்லதுதான், எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஒரு பையனிடம் "நீ கேட்டுக் கற்பவன்" என்று முத்திரை குத்துவதுதான் வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அது வேறு. அங்கே குழந்தைக்கு இன்று என்ன தெரியும் என்று பார்த்துப் பிரிக்கிறோம். அந்த நிலை மாறக்கூடியது, மாற்றுவதுதான் நம் வேலையும்.

சரி, அந்த நேரத்தில் எதைச் சொல்லித் தரலாம்? நினைவிலிருந்து எடுக்க வைப்பதை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு இது. இரண்டு பத்திகளைப் படித்தபின், ஒன்றைத் திரும்பப் படிக்கவும், மற்றதில் தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தது நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதியதில் 56 விழுக்காடு தங்கியிருந்தது, திரும்பப் படித்ததில் 42தான். நம் பள்ளிகளில் ரிவிஷன் என்றால் பெரும்பாலும் திரும்பப் படிப்பதுதான். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், தேர்வு அறையில்தான் காணாமல் போகும். இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் தங்கும் என்பதையோ ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார்.

வகுப்பில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். மணி அடித்ததும் கரும்பலகையில் நான்கு கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன பருவத்தில் இரண்டு. நோட்டு மூடியிருக்கும். எல்லோரும் எழுத வேண்டும், முதல் பெஞ்சில் கை தூக்கும் மூன்று பேர் மட்டும் அல்ல. அப்புறம் விடையைச் சேர்ந்து பார்க்கிறோம். மதிப்பெண் கிடையாது, பெற்றோர் கையெழுத்தும் கிடையாது. ஸ்லிப் டெஸ்ட்டிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான், பயமில்லாமல் தப்பாகவும் எழுதலாம்.

இது மனப்பாடத்துக்குத் திரும்புவது ஆகாதா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை. ஒப்புவிக்கும்போது ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். "2/3, 3/4 இரண்டில் எது பெரியது, எப்படிச் சொல்கிறாய்?" என்று நோட்டை மூடிவிட்டுக் கேட்டால், தெரிந்ததைத் தேடி எடுத்து அங்கே பயன்படுத்தியாக வேண்டும். போர்ஷன் முடிக்க நேரம் போதாது என்பார்கள். பின்னம் மறந்துபோன பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்தியவர்களுக்கு நேரம் எங்கே போகிறது என்று தெரியும்.

இன்னொன்று, செய்து காட்டிய கணக்கு. 2/3 + 1/4 கொடுத்தால் 3/7 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. விடை 2/3ஐ விடச் சிறியது, கூட்டியபின் எப்படிக் குறைந்தது என்று அவர்களையே கேட்க வேண்டும். உடனே பத்துக் கணக்கு கொடுத்துப் போடச் சொன்னால் அதே தவறு பத்து முறை பழகிவிடும். 8/12 + 3/12 = 11/12 வரை படிப்படியாக எழுதிக் காட்டிவிட்டு, அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் விட்டுவிட வேண்டும். அதற்கடுத்ததில் இரண்டு படிகள், பிறகு முழுக் கணக்கும் அவர்களுடையது. செய்து காட்டிய கணக்குகளைப் படித்துப் பழகுவது தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அதிகம் உதவுகிறது என்று ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் இயற்கணிதத்தை வைத்தே காட்டினார்கள். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள இடம் என்று வைகோட்ஸ்கி சொன்னதை, இந்த விட்டுப்போன படிகளில் காட்டினால் எங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஆகவே அடுத்த பயிற்சியில் ஆறாம் வகுப்புப் பின்னங்கள் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எந்தப் படியை எப்போது விடுவது, எந்தக் கேள்வியை எந்த வாரம் திரும்பக் கேட்பது என்று உட்கார்ந்து எழுதுவோம். இரண்டாம் நாள் காலையில் முதல் நாள் நடந்ததை எங்களிடமும் நோட்டை மூடச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை நான் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். மற்ற ஆசிரியர்களிடமும் அப்படி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே தகவல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை