நாற்பத்தைந்தாம் நாள் வந்த போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 யோகா தினத்தையொட்டி, கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்து யோகா செய்யும் படம் நம் நாளிதழில் வந்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த அம்மாக்களுக்காகவும் நாலு வார்த்தை எழுதத் தோன்றியது.

இரண்டு வருடத்துக்கு முன், எனக்கு வளைகாப்பு முடிந்த பதினெட்டாம் நாள் வயிற்றில் அசைவு நின்றுபோனது. எட்டாம் மாதம். ஸ்கேன் எடுத்தவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்; எனக்குப் புரிந்துவிட்டது. வலி வருவதற்கு மருந்து கொடுத்தார்கள். எல்லாரையும் போல வலித்துத்தான் பெற்றேன். பெண் குழந்தை, தலை நிறைய முடி. வளைகாப்பு வளையல்களோடுதான் வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் பால் சுரந்தது. இப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லி அனுப்பவில்லை. என் அம்மாச்சிதான் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்கான அந்தக் காலத்து வைத்தியம் அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே இதை ஆராய்ந்து 1988-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பூக்காரம்மா தெருவில் குரல் கொடுத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் "சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் நாற்பத்தைந்தாம் நாள் ஒரு போன் வந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஏன் இன்னும் கூட்டிவரவில்லை என்று கேட்டார்கள். போனில் பேசிய பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த பட்டியலில் என் மகள் உயிரோடு இருந்தாள்.

டாக்டர் பரிசோதித்து, உடம்பு தேறிவிட்டது, மெதுவாக யோகா செய்யலாம் என்றார். போன முதல் வகுப்பில் பக்கத்துப் பாயில் ஏழு மாதக் கர்ப்பிணி. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். பிறகு, வீட்டு மொட்டை மாடியில் சொல்லித்தரும் ஓர் அக்காவிடம் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றை அழுத்தும் ஆசனமும், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் இப்போதைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மூக்குத் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியில் தொடங்கினார். சவாசனத்தில் மல்லாந்து படுத்ததும் எனக்கு ஸ்கேன் அறைக் கட்டில் நினைவுக்கு வந்து உடம்பு விறைத்துப்போனது. "சரி, ஒருக்களித்துப் படு, கண்ணை மூட வேண்டாம்" என்றார். கால் விரல் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்லும்போது வயிறு என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து நானே கேட்ட பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

எனக்கு மிகவும் உதவியது பிராமரி. தேனீ போல ரீங்கரிக்கும் மூச்சுப் பயிற்சி. எங்களுடையது கூட்டுக்குடும்பம். அங்கே வாய்விட்டு அழ எனக்கு இடமில்லை. மாமியார் மனசு கஷ்டப்படும், வீட்டுக்காரர் பயந்துவிடுவார் என்று எல்லாவற்றையும் தொண்டையிலேயே வைத்திருந்தேன். மொட்டை மாடியில் அந்த "ம்ம்" சத்தம் நெஞ்செலும்பில் அதிர்ந்தபோது கூடவே அழுகையும் வந்தது. அக்கா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. தானும் கூடவே ரீங்கரித்தார். அன்று இரவுதான் விடியும்வரை தூங்கினேன்.

யோகா மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மனநல மருத்துவரையும் பார்த்தேன், சில மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன். சாகலாம் என்று தோன்றிய ஒரு ராத்திரி மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேச முடிந்தது. துக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதோடு மூச்சுவிடப் பழகினேன்.

நம் அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, மருத்துவர்களும் இருக்கிறார்கள். குழந்தையை இழந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கினால் போதும்; பிரசவ வார்டைத் தாண்டிப் போக வேண்டியிராத ஓர் அறையாக இருக்கட்டும். சொல்லித்தருபவருக்கு, வருகிற பெண் எதை இழந்தவள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணவரும் வரலாம் என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டமே, இறந்து பிறந்த குழந்தையும் குழந்தைதான் என்று வரையறுத்தது. அப்படியானால் நாங்களும் பிரசவித்த தாய்மார்கள்தானே? நாற்பத்தைந்தாம் நாள் எங்களுக்கும் போன் செய்யுங்கள். தூக்கம் வருகிறதா, பால் கட்டியதா, யாரிடமாவது பேசுகிறாயா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்ககிரி, சேலம் மாவட்டம்