தோப்புக்கு எந்த டயர்? மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் சொன்ன வார்த்தை கடைவாசல் வரைக்கும்கூடத் தாங்காது என்று அப்புறம்தான் தோன்றியது. மினி டிராக்டரின் பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன, ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் வண்டி நன்றாக நிற்கும், இழுவையும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள் என்றாய். தென்னந்தோப்பு வைத்திருக்கும் இன்னும் சிலருக்கும் இதே யோசனை இருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நானும் இதையே செய்தவன். என் முதல் நாலு வீல் டிரைவ் வண்டிக்கு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு, பின்னால் மட்டும் பெரிய டயர் மாட்டினேன். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் நாலு வீல் லிவர் இறுகிக்கொண்டது, காலால் உதைத்தால்தான் விடும். ஸ்டீயரிங் கனத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் முன் டயர் பட்டன், அதாவது மண்ணைக் கவ்வுகிற ரப்பர் மேடுகள், எல்லாம் தேய்ந்துபோனது. கடைசியில் முன் அச்சுக்குள் பல்சக்கரம் உறும ஆரம்பித்து, பிரித்துப் போட்டு ஆன செலவுக்கு இன்னும் இரண்டு ஜோடி டயரே வாங்கியிருக்கலாம்.

ஏன் அப்படி ஆனது தெரியுமா? நாலு வீல் போட்டதும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கியர்பெட்டியில் பூட்டிக்கொள்கின்றன. பின்சக்கரம் ஓடுகிற தூரத்தைவிட முன்சக்கரம் கொஞ்சம், நூற்றுக்கு 1 முதல் 5 வரை, கூடுதலாக ஓடும்படி கணக்குப் பண்ணித்தான் கம்பெனியில் டயர் அளவை வைக்கிறார்கள். முன்சக்கரம் எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். நாம் பின்னால் பெரிய டயர் போட்டால் பின்சக்கரம் முந்திக்கொள்ளும், முன்சக்கரம் இழுக்காமல் பிரேக் பிடிக்கும். ஈர மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அத்தனை முறுக்கும் பல்சக்கரத்தின் மேல்தான் விழும். அதனால்தான் ரோட்டில் ஏறும்போது நாலு வீலை விடுவித்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். நாலு வீலை விடுவித்துவிட்டு, சமதளத்தில் முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் கோடு போடு. பின் டயர் பத்துச் சுற்று வரும் வரை நேராக ஓட்டு, கூடவே ஒருவர் நடந்து முன் டயர் சுற்றை எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொள். புது டயர் மாட்டியதும் மறுபடி எண்ணு. பழையது தேய்ந்தது என்பதால் கால் சுற்று, அரைச் சுற்று மாறலாம். அதற்கு மேல் மாறினால் அந்த ஜோடி உன் வண்டிக்கு ஆகாது. கம்பெனி புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்கு. உன்னுடையதில் பின்னால் 8.3-20. 8.3 என்பது டயரின் அகலம், 20 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்.

அளவு சரி. இனி பட்டன். சேற்றுழவுக்கு வருகிற உயரப் பட்டன் டயர், ஆர்-2 என்று எழுதியிருக்கும், அது நெல்வயலுக்கு. மலிவாகக் கிடைத்தாலும் தோப்புக்கு எடுக்காதே. உனக்குப் பட்டன் உயரம் குறைந்த ஆர்-1 போதும். நீ ஓட்டுவது பெரும்பாலும் சுழல்கத்தியால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர்தானே? அதன் கத்தி சுழல்கிற வேகமே வண்டியை முன்னால் தள்ளும். கலப்பை கட்டி இழுக்கிற மாதிரி மண்ணைக் கவ்வ வேண்டிய வேலை டயருக்கு அங்கே அதிகமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் டயருக்குக் கீழே இருக்கிறது. போன ஐப்பசியில் ஈரம் காயும் முன்னே என் தோப்பில் வண்டியை இறக்கிவிட்டார்கள். மறுநாள் மரத்துக்கு நாலடி தள்ளி ஒரு சக்கரத் தடத்தில் மண்வெட்டி போட்டேன். முதல் நாலு விரற்கடை மண் ஓடு மாதிரி தகடாகப் பெயர்ந்தது. அதன் அடியில் விரல் தடிமனில் ஒரு வேர், நுனி வெள்ளை மாறாத இளவேர், நசுங்கி நாராகக் கிடந்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. உயிரோட்டமுள்ள சல்லிவேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் இருக்கும். 25 அடிக்கு ஒரு மரம் என்றால் இரண்டு பக்கமும் ஆறரை அடி விட்டாலும் நடுவில் 12 அடி மிச்சம். உன் வண்டி தாராளமாகப் போகும். அந்த நடுத்தடத்தை விட்டு விலகாதே. முதல் தடவை சக்கரம் ஏறும்போதே மண் பெரும்பாலும் இறுகிவிடும், அதனால் தினம் ஒரு புதுத்தடம் போடுவதுதான் கெடுதல்.

வேருக்காகத்தான் டிராக்டருக்கே ரப்பர் டயர் வந்தது என்று சொன்னால் நம்புவாயா? இரும்புச் சக்கரக் காலத்தில் அமெரிக்காவின் ப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள், பல் வைத்த சக்கரம் வேரை அறுக்கிறது என்று பழைய லாரி டயரை அதன் மேல் சுற்றி ஓட்டினார்கள். காற்று அடைத்த டயரோடு அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி டிராக்டரை விற்க ஆரம்பித்தது 1932-இல். நம்மைப் போல மரம் வளர்க்கிறவர்கள் முதலில் யோசித்தது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அப்புறம் காற்று. டயரில் எத்தனை பவுண்டு காற்றோ, மண்ணின் மேல் ஏறுகிற அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டிப்பர் இழுத்து ரோட்டில் ஓடுகிறவர்கள் 30 பவுண்டு அடித்து, தோப்புக்குள்ளும் அப்படியே இறங்குகிறார்கள். நான் பின் டயரில் 14 வைக்கிறேன். பாரத்துக்குத் தக்க அளவு உன் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பங்க்சர் கடை மீட்டர் இவ்வளவு குறைந்த காற்றைச் சரியாகக் காட்டாது, சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். டயருக்குள் தண்ணீர் நிரப்புவதும் வேண்டாம். கலப்பை இழுக்கும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் அந்தத் தண்ணீரின் கனம் உதவும், தோப்புக்குள் அந்தக் கனமெல்லாம் வேரின் மேல்தான்.

வாங்கும்போது பக்கவாட்டில் நாலு எண் பார். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலில் அடுக்கிக் கிடந்து பக்கவாட்டில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் விலை குறைத்தாலும் தொடாதே. வேலியோரம் சீமைக்கருவேலம் இருப்பதால் முள் ஏறாமல் இருக்க பிளை, அதாவது உள்ளே இருக்கிற நூல் அடுக்கு, கூடுதலான டயராக எடு. டியூபும் புதிதாகவே போடு. பழைய டியூப் விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும். ரிம்மில் துரு இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டச் சொல்.

மாட்டியதும் வண்டிக்குப் பின்னால் போய் நில். பட்டன்கள் கூரை முகடு மாதிரி நுனி மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போதுதான் நுனி முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். தலைகீழாக இருந்தால் சேறு பட்டனுக்குள்ளேயே அடைந்து, டயர் உருளைக்கல் மாதிரி வழுக்கும். அவசரத்தில் இடது வலது மாற்றிப் போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் காசு கொடுக்கும் முன்னே பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இருப்பேன். பழைய டயரைக் கழற்றிவிடாதே, முதலில் அதை வைத்துச் சுற்று எண்ண வேண்டும். சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன். அக்காவிடம் காலைச் சாப்பாடு அங்கேதான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா