சாவியோடு ஜாக்கியையும் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழியில் வண்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம், கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும் என்று முடித்திருந்தார்கள். எழுதியவர் எங்கள் பக்கத்துக் கண்மாய்க்கரையில் இரவு எட்டு மணிக்கு நின்றதில்லை என்று தெரிகிறது.

நான் 31 வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டு ஜீப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய மஹிந்திரா எம்எம் 540. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் வருவார்கள். வந்தால் இளையாற்றங்குடியில் ஆரம்பித்துப் பிள்ளையார்பட்டி வரை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பார் ஆச்சி. மற்ற நாளில் ஜீப்பும் நானும்தான். பெரியவர் முதல் பேரன் வரை எல்லாருக்கும் நான் ‘டிரைவர் அண்ணன்’.

ஐப்பசியில் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். பேரன் பெங்களூரிலிருந்து புது வண்டியில் வந்திருந்தார். ஏறி உட்காரவே ஒரு படி வேண்டும், அவ்வளவு உயரம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சொந்தக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் தரைக்கல் வார்ப்பதைக் காட்டப் போனார். திரும்பும்போது செல்போன் மேப் ஒரு குறுக்கு வழி காட்டியிருக்கிறது. எங்கள் பக்கம் குறுக்கு வழி என்றால் பெரும்பாலும் அது கண்மாய்க்கரைதான். முந்தின நாள் நல்ல மழை. கரையில் துருத்திக்கொண்டிருந்த செம்புறாங்கல் ஒன்று பின்பக்க இடது டயரை ஓரத்தில் கிழித்துவிட்டது.

எனக்கு போன் வந்தபோது மணி ஏழரை.

“டிரைவர் அண்ணே, கம்பெனியில லேண்ட்மார்க் கேக்குறாங்க. சுத்தி ஒண்ணுமே இல்ல, ஒரு பனைமரம்தான் நிக்குது.”

“அதையே சொல்லுங்க தம்பி, நான் வர்றேன்.”

மீட்பு வண்டி திருச்சியிலிருந்து வர வேண்டுமாம். மூன்று மணி நேரம். அப்படியே வந்தாலும் தார் ரோட்டில் நிற்கும் வண்டியைத்தான் ஏற்றுவார்களாம், கரைக்குள் இறங்க மாட்டார்களாம். அவர்களைக் குறை சொல்லவில்லை. கனமான வண்டி, அதுவும் மாட்டிக்கொண்டால் யார் இழுப்பது? நான் டிவிஎஸ் 50-ல் ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு, மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஒரு தடிப் பலகை எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உள்ளே ஏசி போட்டுக்கொண்டு நாலு பிள்ளைகள். முதல் வேலையாக அவர்களை மேட்டுப் பக்கக் கதவு வழியாக இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வைத்தேன். அப்புறம்தான் டயரைப் பார்த்தேன். ஜாக்கியை ஈர மண்ணில் அப்படியே வைத்திருக்கிறார்கள். வண்டி மேலே வருவதற்குப் பதில் ஜாக்கி கீழே போயிருக்கிறது. பயந்துபோய் ஃபோர் வீல் போட்டு வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறார். இடது பக்கச் சக்கரம் இரண்டும் குழி பறித்து, அடிவயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

“ஃபோர் வீல் போட்டும் ஏன் அண்ணே ஏறல?”

வண்டி வாங்கும் முன்னாலேயே யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. நாலு சக்கரமும் இழுக்கும் என்பது பாதிதான் நிஜம். முன்னால் ஒரு கிரவுன், பின்னால் ஒரு கிரவுன். இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் கிரவுன். கிரவுனைப் பூட்டும் லாக் இல்லாத வண்டியில் எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே கிரவுன் விட்டுக்கொடுத்துவிடும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேற்றில் சும்மா சுற்றினால், கெட்டித் தரையில் நிற்கும் மற்ற இரண்டும் வேடிக்கைதான் பார்க்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும்.

சக்கரத்தைக் கழற்றலாம் என்றால் அடுத்த சிக்கல். ஐந்து நட்டில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. திருட்டுக்குப் பயந்து போடும் பூட்டு நட்டு. அதற்கென்று ஒரு சின்னச் சாவி இருக்கும், அது இல்லாமல் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. “அப்படி ஒண்ணு குடுக்கவே இல்லண்ணே” என்றார். சீட்டுக்கு அடியில், டிக்கியில், எல்லா இடத்திலும் செல்போன் வெளிச்சத்தில் தேடினோம். கடைசியில் டேஷ்போர்டு பெட்டிக்குள், பிரிக்காத கவரில், கையேட்டுப் புத்தகத்தோடு இருந்தது. வண்டி வாங்கி ஏழு மாதம்!

மற்றதெல்லாம் பழகிய வேலை. மேட்டுப் பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தேன். எங்கள் காலத்துப் பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, பின் கிரவுனுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் இருந்தும் வண்டி உருண்டுவிடும். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, எந்த வண்டியானாலும் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொட மாட்டேன். மண்ணை வெட்டி அடிவயிற்றை விடுவித்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பலகை மேல் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்கச் சொன்னேன். ஸ்டெப்னியில் காற்று 16 பவுண்டு, இருக்க வேண்டியதில் பாதி! காற்றுப் பார்க்கும் மீட்டர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும், அதனால் தெரிந்தது.

அன்றைக்கு அந்தப் 16 ஒரு விதத்தில் நல்லதாகிவிட்டது. மற்ற மூன்று டயரிலும் நானே காற்றை 18-க்கு இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மண்ணை அகலமாகப் பிடிக்கும். சக்கரங்களுக்கு முன்னால் சரிவாக வெட்டி, சாக்கை விரித்து, நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோவில் முதல் கியரில், ஆக்சிலேட்டரை உறுமவிடாமல் எடுத்தேன். மாடு எழுந்திருப்பது போல வண்டி மெல்ல எழுந்து வெளியே வந்தது. ஆனால் அந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். பஞ்சர் கடை வரை இருபதில்தான் ஓட்ட விட்டேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி பத்தே முக்கால். அப்போது மீட்பு வண்டிக்காரர் போன் போட்டார்: “சார், எந்தப் பனைமரம்?”

பராமரிப்பு பற்றியும் அந்தக் கட்டுரையில் ‘குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யவும்’ என்று ஒரு வரிதான் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கியவர்களில் பலர் ஃபோர் வீல் போடும் அந்தச் சின்னக் கியரை வாங்கிய நாளில் தொட்டதோடு சரி. இரண்டு வருடம் கழித்து அவசரத்துக்குப் போட்டால் விழாது. மாதம் ஒருமுறையாவது ஃபோர் வீல் போட்டு, இளகின செம்மண் பாதையில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அப்போதுதான் முன் கிரவுனிலும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் சுற்றும். காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் வேறு, பின்சக்கரம் போகும் தூரம் வேறு. தேவைக்கு மட்டும் ஃபோர் வீல் போடும் வகை வண்டியில் நடுவில் கிரவுன் கிடையாது. மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் முடியாது. ஷாஃப்ட் முறுக்கேறி, ஸ்டீயரிங் இறுகி, கியர் வெளியே வராது. அப்படி மாட்டிக்கொண்டால் கியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுவிடும்.

மழைக்காலத்தில் தரைப்பாலத் தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தால் கிரவுன் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் விட்ட டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படியும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்? நான் பார்த்த ஒரு ரேடியேட்டரைப் பிரித்தபோது குழாய்களுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்ட் விலையைப் பார்த்துக் கஞ்சத்தனம் செய்தால் எஞ்சின் விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

ஓடாத வண்டிக்கு வியாதி அதிகம். நான் பொறுப்பெடுத்தபோது எங்கள் ஜீப்பின் ஒயரை எலி கடித்திருந்தது, பிரேக் சிலிண்டர் இறுகியிருந்தது. ஸ்டெப்னி மட்டும் பட்டன் தேயாமல் புதுசு போல இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதில் 0908 என்று போட்டிருந்தது. 2008-ம் வருடத்தின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். கையால் வளைத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெடிப்பு. இப்போது ஞாயிறு தோறும் ஜீப்பை எடுத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கிறேன். ஆள் வந்து வளவை, அதாவது உள்முற்றத்தை, கூட்டாத வீடு என்ன ஆகும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் சிறிய பயணிகள் வண்டிகளில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. ஊருக்குள் ஓடும் காருக்குச் சரி. ஓரம் கிழிந்த டயருக்குப் பஞ்சர் கிட் எதுவும் செய்யாது. கிராமத்துப் பக்கம் வருகிறவர்கள் ஸ்டெப்னி இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ரோட்டில் வண்டி பழுதானால் சுற்றிலும் கல்லை வைத்து, வேப்பங்கிளையை ஒடித்துப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். வண்டி சரியானதும் டிரைவர் போய்விடுவார், கல் அங்கேயே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் திருமயம் – காரைக்குடி சாலையில் விடியற்காலையில் அப்படி ஒரு கல்லில் ஏறித்தான் என் மைத்துனர் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். முதலில் வந்த இரண்டு வண்டிகள் நிற்கவே இல்லை, போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயம். மூன்றாவதாக வந்த பால்காரர்தான் 108-க்குச் சொன்னார். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவையொட்டி 2020-ல் வந்த விதியிலேயே இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-ஐ அழைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கல்லுக்குப் பதில் வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் வைக்கச் சொல்லுங்கள். போகும்போது எடுத்துக்கொண்டு போகவும் சொல்லுங்கள்.

வண்டி விற்கும் கம்பெனிகளிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. டெலிவரி நாளில் வண்டிக்கு மாலை போடுகிறீர்கள், கேக் வெட்டுகிறீர்கள், ஆளுயரத்தில் அட்டைச் சாவி செய்து படம் எடுக்கிறீர்கள். அதோடு அரை மணி நேரம் ஒதுக்கி, வாங்கியவர் கையாலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஜாக்கி எங்கே, பூட்டு நட்டின் சாவி எங்கே, சின்னக் கியர் எப்படி விழும் என்று அவர் தொட்டுப் பார்க்கட்டும். சட்டை அழுக்காகும்தான். படத்தை அதற்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பேரன் பொங்கலுக்கு வந்திருந்தார். இறங்கியதும், “அண்ணே, அந்த மீட்டரைக் குடுங்க” என்று வாங்கி ஸ்டெப்னியில் காற்றுப் பார்த்தார். 33 இருந்தது. முக்கோணம் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஜீப் ஓட்டுநர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.