ஆண்டறிக்கை: மாலைத் தமிழ் வகுப்பும் முப்பது வினாடி விளம்பரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில் பகுதியில் நம் சங்கம் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பு இவ்வாண்டும் தடையின்றி நடந்தது. புயல் எச்சரிக்கையால் பள்ளிகள் மூடிய நாட்களில் மட்டும் வகுப்பு இல்லை. தைப்பூசக் காவடியன்று வழிநெடுகத் தண்ணீரும் மோரும் வழங்கினோம். கணக்கு விவரம் முழுவதும் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை விளம்பரப் படத்துக்கே ஒதுக்குகிறேன். அதைப் பற்றித்தான் பாராட்டும் வந்தது, கடுமையான கண்டனமும் வந்தது. மற்ற ஊர்ச் சங்கங்களும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கின்றன.

நோக்கம் ஒன்றே: பெற்றோரைத் தமிழைத் தேர்ந்தெடுக்க வைப்பது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு விருப்பமொழியைப் பெற்றோர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2012 முதல், இங்கே வீடுகளில் பேசும் கிரியோல் மொழியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பல இளம் பெற்றோர் தாங்களே தமிழ் படிக்காதவர்கள். ‘வீட்டில் பேசாத மொழி எதற்கு?’ என்று அவர்கள் கேட்கும்போது சொற்பொழிவால் பதில் சொல்லிப் பயனில்லை. அதனால் கைப்பேசியில் பார்க்கத்தக்க 30 வினாடிப் படம் ஒன்று எடுக்க முடிவானது.

கதை எளிது. ஒரு பாட்டி பேத்தியிடம் பணத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். பேத்தி அதைத் திருப்பிப் பார்த்து, அதிலுள்ள தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கடைக்காரர் அதைக் கேட்டுத் தன் கல்லாவில் இருக்கும் தாளை எடுத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான். நம் நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. தினமும் கையில் புழங்கும் தமிழ் இது. புதிதாக எதையும் நம்ப வைக்க வேண்டியதில்லை.

முப்பது வினாடி என்பது வினாடிக்கு 25 பிரேம் (தனி நிலைப்படம்) கணக்கில் 750 பிரேம். கடைசி 4 வினாடி சங்கத்தின் பெயருக்கும் சேர்க்கை விவரத்துக்கும் போய்விடும். மீதி 26 வினாடியில் பத்து ஷாட்டுக்கு மேல் வைத்தால் எதுவும் மனத்தில் நிற்காது. தமிழில் ஒரே சொல்லில் பல விகுதி சேர்வதால் பேச்சுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். பின்னணிக் குரலுக்கு 40 சொல்லே எல்லை. எழுதியவர் மனத்துக்குள் வாசித்தால் 20 வினாடியில் முடியும். வாய்விட்டு வாசித்தால் 30 தாண்டும். கடிகாரம் வைத்து உரக்க வாசித்தே சொற்களைக் குறைக்க வேண்டும்.

படப்பிடிப்புக்குக் கைப்பேசியே போதும். ஆனால் தானியங்கி அமைப்பில் விடக்கூடாது. இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கைப்பேசி வழக்கமாக 30 பிரேமில், 1/60 வினாடி ஷட்டரில், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் அவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டு எடுக்கும். கடைக்குள் எடுத்தால் சுவரில் கருப்புப் பட்டைகள் நகரும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று கையால் அமைத்தால் பெரும்பாலும் மறையும். சில எல்இடி அப்போதும் துடிக்கும், ஆகவே அந்த இடத்திலேயே 10 வினாடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளி வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் ஒளித் துளையைச் சுருக்க முடியாது. ஒளியைக் குறைக்கும் என்டி பில்டரை மாட்ட வேண்டும், இல்லையென்றால் நிழலுக்குள் போக வேண்டும். வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டாவிட்டால், யாராவது குறுக்கே போகும்போது படம் தானாக இருண்டு வெளுக்கும்.

ஒளி பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் கையேடுகள் வடக்கு ஜன்னல் ஒளி மென்மையானது என்று சொல்லும். அது வட அரைக்கோளத்துக்குரியது. நமக்குக் குளிர்காலத்தில் சூரியன் வடபுறமே செல்கிறது; மென்மையான ஒளி தெற்கு ஜன்னலில்தான். அந்த ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வைத்து, மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினால் வாடகை விளக்கே வேண்டாம். ஜன்னல் ஒளி வரும்போது அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி ஆரஞ்சாகவும் தெரியும், அதைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம்.

படம் சற்று மங்கலாக இருந்தால் மக்கள் பொறுப்பார்கள், ஒலி கெட்டால் உடனே விலகிவிடுவார்கள். குறைந்த பணத்தில் எடுப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல காலர் மைக் ஒன்றுதான். வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டவும். பட்டுச் சேலையில் மாட்டினால் சரசரப்பு ஏறும், பருத்தி நல்லது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டாமல். தென்கிழக்குக் காற்று இங்கே ஓயாது வீசுவதால் வெளியில் காற்றிரைச்சலைத் தடுக்கும் மயிருறை இல்லாமல் மைக்கைப் பயன்படுத்த முடியாது. கடைக்குள் குளிர்பெட்டியின் இரைச்சல் பெரிய தொல்லை. கடைக்காரர் சம்மதத்துடன் அதை அணைப்பவர், தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். புறப்படும் முன் எல்லோரும் பேசாமல் நிற்க, அந்த இடத்தின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யவும். வெட்டிய இடங்களை ஒட்ட அது இல்லாமல் முடியாது.

தொண்டர்களை வைத்து வேலை செய்வதில் தெரிந்துகொண்டவை: ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் சம்பளம் வாங்காதவருக்கு வீட்டு வேலை வந்தால் நாம் தடுக்க முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தக்கூடாது. சாப்பாடு சூடாகவும் நேரத்துக்கும் வர வேண்டும். நம் செலவில் மிகப் பெரிய பகுதி சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போனது, அது சரியான செலவே. தளத்தில் முடிவு சொல்பவர் ஒருவர்தான். மற்றவர் கருத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகளின் காட்சியைக் காலையில் முதலில் எடுத்துவிட வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. பெற்றோர் கேமராவுக்குப் பின்னால் நின்றால் பிள்ளையின் கண் அங்கேயே போகும், ஆகவே பக்கத்து அறை. வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல் ஒரு செயலைக் கொடுத்தால் நடிப்பு தானாக வரும்.

அனுமதிகளில் தளரக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எங்கே காட்டுவோம், எவ்வளவு காலம், விலக நினைத்தால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். திரைப்படப் பாட்டுத் துண்டு எதையும் சேர்க்கவில்லை. ‘சில வினாடிதானே’ என்று சேர்த்தால் இணையத் தளங்கள் தாமாகவே கண்டுபிடித்துப் படத்தை முடக்கிவிடும். 2014-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. நம் உறுப்பினர் வாசித்த மிருதங்கமே இசை. பணத்தாளின் உருவை நகலெடுப்பதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால், முழுத் தாளையும் தட்டையாகக் காட்டாமல் விரல் மறைத்து, சாய்த்தே காட்டினோம்.

படத்தொகுப்பில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. சில மென்பொருள்களில் தமிழ் எழுத்தைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘கொ’ என்பது ககரம், கொம்பு, கால் என்று சிதறும். எழுத்துரு கெட்டதில்லை. எழுத்துகளை இணைத்து வரையும் இயந்திரம் அந்த மென்பொருளில் செயல்படவில்லை என்று பொருள். அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான வசதி இருந்தால் அதை இயக்கலாம். இல்லையென்றால் இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள் ஒன்றில் யூனிகோடில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றி, படத்தின் மேல் வைப்பதே பாதுகாப்பு. எழுத்து திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. உரக்க இருமுறை வாசிக்கும் நேரம் திரையில் நிற்க வேண்டும். இன்னொன்று: கைப்பேசி பிரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைப்பதால், தனி மைக்கில் பதிந்த ஒலி போகப் போக உதட்டோடு ஒட்டாது. எல்லாக் கோப்பையும் முதலில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டே வெட்டத் தொடங்க வேண்டும்.

இனி விமர்சனம். படத்தை வெளியிடும் முன்பே அதன் முதல் வரைவைப் பொதுக்கூடத்தில் காட்டினோம். பாராட்டக்கூடியவர்களை மட்டும் அழைக்காமல், திட்டக்கூடியவர்களைத் தேடி அழைத்தோம். வந்த குறைகளைப் பதிவேட்டில் எழுதினோம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: ‘எந்த வினாடியில், ஐயா?’ வினாடியைச் சுட்டியவர்களின் குறைகளில் பெரும்பாலானவை நியாயமானவை, சரிசெய்யத்தக்கவை.

பேத்தி ‘தமிழ்’ என்பதை ‘தமில்’ என்கிறாள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். சரியான குறை. தமிழுக்காக எடுக்கும் படத்தில் ழகரம் வழுவக்கூடாது. அந்த இடத்தில் பிள்ளையின் முதுகுப்புறம்தான் திரையில் இருந்தது. குரல் தனிப் பாதையில் இருந்ததால் அவளையே அழைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி பதிந்து ஒட்டினோம். அதற்கு மேல் சென்று, தமிழ்நாட்டுக் குழந்தையின் குரலை மாற்றிப் போடச் சொன்னவர்களுக்கு இணங்கவில்லை. இந்தத் தீவின் பிள்ளை இந்தத் தீவின் நடையில்தான் பேசும். அதைக் கேட்டுத்தான் இங்குள்ள பெற்றோர் ‘என் பிள்ளையாலும் முடியும்’ என்று நினைப்பார்கள்.

குத்துவிளக்கு வெறுந்தரையில் இருந்ததைப் பெரியவர்கள் கண்டார்கள். 4கே-வில் எடுத்ததால் முழு எச்டி-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் இருந்தன. படச்சட்டத்தைச் சற்று மேலே சுருக்கித் தரையை வெட்டிவிட்டோம், தெளிவு குறையவில்லை. இனிமேல் தளத்தில் வழிபாட்டு முறை தெரிந்த ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

திரையில் தமிழோடு கிரியோல் வரிகள் எதற்கு என்பதே மிகச் சூடான கண்டனம். செயற்குழு இதில் உறுதியாக நின்றது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விளம்பரம் தேவையில்லை. தெரியாத பெற்றோரிடம் அவர்கள் வீட்டு மொழியில்தான் பேச முடியும். ஆனால் கண்டனம் சொன்னவர்கள் எழுத்து வரிசையைப் பற்றிச் சொன்னதை ஏற்றோம். 1998-இல் வந்த புதிய பணத்தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி அச்சானபோது நம் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு 1999 வரிசையில் தமிழ் தன் இடத்துக்கு வந்ததும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே பணத்தாளைக் காட்டும் படத்தில் தமிழ் வரி கீழே நிற்கலாமா என்று கேட்டார்கள். தமிழ் மேலே, கிரியோல் கீழே என்று மாற்றினோம். எழுத்துகள் தனிப் படங்களாக இருந்ததால் மறுபடி எடுக்க எதுவும் இல்லை. அந்த வரலாற்றையும் படத்திலேயே சொல்லுங்கள் என்ற வேண்டுகோளை மட்டும் ஏற்க முடியவில்லை. அதற்கு 30 வினாடி போதாது, அந்த வரலாறு தனிப் படத்துக்கு உரியது.

‘பணத்தைக் காட்டி மொழியை விற்கிறீர்கள்’ என்றும் ஒரு கடிதம் வந்தது. கடிதம் எழுதியவரின் அக்கறை உண்மையானது. ஆனால் படத்தில் பணம் எதையும் வாங்கவில்லை, வாசிக்கப்படுகிறது. அதை நேரில் சென்று விளக்கினோம். அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வகுப்புக்குப் பேரனை அனுப்புகிறார்.

செயற்குழு உறுப்பினரின் பிள்ளை நடித்தது ஏன் என்ற கேள்விக்கு, அறிவிப்புப் பலகையில் பொது அழைப்பு விடுத்தே தேர்வு நடந்தது என்பது பதில். ஆயினும் ஐயம் எழவே இடம் தரக்கூடாது. அடுத்த படத்தில் செயற்குழுக் குடும்பத்தினர் நடிக்கக்கூடாது என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

வெளியானபின் வரும் குறைகளுக்கு ஒருவரே பதில் எழுத வேண்டும். ஐந்து உறுப்பினர் ஐந்து விதமாக எழுதினால் சண்டை பெரிதாகும். மாற்றம் செய்தால் எந்த வினாடியில் என்ன மாற்றினோம் என்று சுட்டிக்காட்டியவருக்கே முதலில் தெரிவிக்க வேண்டும்.

படம், குரல், இசை, எழுத்து நான்கும் தனித்தனிப் பாதைகளாக, எழுத்தில்லாத வெறும் படத்துடன் சேர்த்து மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம். இரண்டு பிரதிகள் சங்கத்தின் அலமாரியில், ஒன்று வேறு வீட்டில். வேறு ஊர்ச் சங்கங்கள் கடைசி 4 வினாடியில் தங்கள் பெயரை இட்டுப் பயன்படுத்தக் கேட்டால் தரலாம். ஆனால் சம்மதப் படிவத்தில் அந்தச் சங்கத்தின் பெயர் இல்லை. பெற்றோரிடம் புதிய கையெழுத்து வாங்கிய பிறகே கோப்பைக் கொடுக்க வேண்டும்.

இவ்வறிக்கையையும் மேற்சொன்ன தீர்மானத்தையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்